துண்டுக்கு அடியில் நகர்ந்த படை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை கட்டியவற்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பழனிசெட்டிபட்டியில் மாடி வீடு. கடைக்கால் தோண்டும்போது பாறை வந்தது. இடத்தை மாற்றச் சொன்னார்கள், நான் பாறையை மாற்றினேன். தேனியில் வாழைத்தார் மண்டி. பெரிய முதலாளிமார் சேர்ந்துகொண்டு எனக்கு லாரி கிடைக்கவிடாமல் செய்தபோது மாட்டுவண்டியில் தார் இறக்கி ஆரம்பித்தது. சின்னமனூருக்கு மேற்கே, முள்ளைத் தவிர ஒன்றும் வராது என்று எல்லாரும் கைவிட்ட நிலத்தில் திராட்சைப் பந்தல். எங்கள் வகையறாவில் முதல் என்ஜினீயராக ஒரு மகள். அப்புறம், இரண்டு முழங்காலும் போன பிறகு, சிவப்புச் சூரியன் எரியும் ஒரு கிரகத்தில் மூன்று வாசல் வைத்த கோட்டை ஒன்று. அதற்குள் ஊதாக்கல் வெட்டும் சுரங்கங்கள், இரும்புக் காலால் நடக்கும் படை, வானத்திலிருந்து பீரங்கி வந்து இறங்கும் மேடை.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மற்றதற்கெல்லாம் பத்திரம் இருக்கிறது, கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோட்டைக்கு மட்டும் ஒரே சாட்சி, என் வீட்டுக்காரி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது அது. அவள் இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். எப்போது திரும்பி வந்து என் இடப்பக்கம் உட்காருவாள் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனையும் கட்டியவனுக்கு அது ஒன்று தெரியவில்லை.

கொரோனா சமயத்தில் மகளும் மருமகனும் எங்களோடு வந்து இருந்தார்கள். மாடியில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்த்தார்கள். சாயங்காலம் ஆனால் மருமகன் கீழே இறங்கி வந்து, டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைச் சொருகி விளையாடுவார். திரும்பிப் போகும்போது புதுப் பெட்டி வாங்கப்போவதாகச் சொல்லி, பழையதை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அது பாட்டுக்குத் தூசி படிந்து கிடந்தது. மண்டி நடக்கிற காலத்தில் எனக்கு உட்கார்ந்து டிவி பார்க்க நேரம் ஏது?

முழங்கால் ஆபரேஷன் ஆனபோது டாக்டர் படி இறங்கக் கூடாது என்றார். மண்டியைத் தம்பி பார்த்துக்கொண்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்திச் சேனல்களோடு சண்டை போட்டேன். அது பொறுக்காமல் ஒருநாள் வீட்டுக்காரிதான் அந்தப் பெட்டியைத் துடைத்து எடுத்தாள். மகளுக்குப் போன் போட்டு, எந்த வயரை எங்கே சொருக வேண்டும் என்று கேட்டு, ஒரு கன்ட்ரோலரை என் மடியில் வைத்தாள்.

"இதையாச்சும் திட்டுங்க. அது திருப்பிப் பேசாது."

அதில் கிடந்த ஆட்டங்களில் கார் ஓட்டுவது பிடிக்கவில்லை, துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடுவது தலையைச் சுற்றியது. இந்தப் படை ஆட்டம் ஒன்றில்தான் மனசு நின்றது. விஷயம் இதுதான். வேற்றுக் கிரகம் ஒன்றில் உங்களை இறக்கிவிடுவார்கள். கையில் ஒரு கொட்டகையும் இரண்டு சுரங்க வண்டியும்தான் இருக்கும். ஊதாக்கல்லை வெட்டி எடுத்து, அதை வைத்துக் கட்டடம் கட்டி, அதிலிருந்து படை எழுப்பி, எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். சதுரங்கம் மாதிரி நீ ஒரு காய், நான் ஒரு காய் என்று காத்திருக்கும் பேச்சே கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் தும்மினால்கூட எதிராளி அந்தத் தும்மலுக்குள் ஒரு டாங்கு கட்டிவிடுவான். நம் ஆள் போகாத இடமெல்லாம் திரையில் இருட்டாகக் கிடக்கும்.

இது மண்டிதான். விடிகாலையில் கம்பத்து லாரி வந்து நிற்கும், பின்னாலேயே சின்னமனூர் வண்டி வரும், இறக்குகிற ஆட்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள், கேரளாவுக்கு ஏற்றுகிற ஜீப்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார், வாங்க வந்தவர் பழம் சரியில்லை என்று மூஞ்சியைச் சுளிப்பார். ஒரு இடத்தில் கண்ணை வைத்தவன் அங்கேயே அழிந்தான். எல்லா மூலையையும் ஒரே சமயத்தில் பார்க்கப் பழகிய கண் இது. சும்மா வரவில்லை.

ஆனாலும் முதல் கோட்டை போயிற்று. அதைச் சொல்லிவிடுகிறேன், மருமகன் சொல்வதற்கு முன்னால். இறக்கிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு ஆறு ஓடியது. முல்லையாற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் வேறு எங்கே கொட்டகை போடுவான்? கரையை ஒட்டி வரிசையாகக் கட்டினேன். ஊதாக்கல் கிடங்கு, படைக் கொட்டில் எல்லாவற்றுக்கும் ஆற்றைப் பார்த்து வாசல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஓரம் கரைய ஆரம்பித்தது. திரையில் சிவப்பாக என்னமோ எழுத்து ஓடியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்டுக்காரி பத்தாவது வரை படித்தவள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு எழுந்து வந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அது தண்ணியில்லையாம். அமிலமாம். பக்கத்துல கட்டாதேன்னு அப்ப இருந்தே கத்திக்கிட்டு இருக்கு."

"ஆறுன்னா தண்ணிதான ஓடணும்?"

"அதை அந்தக் கிரகத்துக்காரங்ககிட்டப் போய்க் கேளுங்க."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் என் இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எழுத்துப் படித்துச் சொல்லத்தான் உட்கார்ந்தாள். பிறகு இரண்டாவது கன்ட்ரோலரைத் தேடி எடுத்தாள். இரண்டு பேர் ஆடினால் டிவி குறுக்கே இரண்டாகப் பிரியும். மேல் பாதி எனக்கு, கீழ்ப் பாதி அவளுக்கு. கட்டடம் கட்டுவது, கல் வெட்டுவது, எதை எப்போது எழுப்புவது, எல்லாம் நான். படையை நடத்துவது அவள். தையல் மிஷினில் ஊசிக்கு முன்னால் துணியைத் திருப்பிப் பழகிய விரல் அவளுக்கு. பொத்தானை அமுக்கினால் திரையில் சக்கரம் மாதிரி விரியும், அதில் எதை வேண்டுமோ அதன் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். நான் தள்ளி முடிப்பதற்குள் அவள் மூன்று தடவை தள்ளிவிடுவாள். இதெல்லாம் கம்ப்யூட்டரில் மவுசை வைத்து ஆட வேண்டிய ஆட்டம் மாமா, இந்தக் கன்சோல் பெட்டியில் ஆடினால் கை வராது என்று மருமகன் போனில் சொன்னார். உங்களுக்கு வராது என்றேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அங்கே அவர்கள் இரண்டு பேர், இங்கே நாங்கள் இரண்டு பேர், நெட் வழியாக. எல்லாரும் பேசிக்கொள்ள மைக் உண்டு. அந்த மைக்தான் எங்களைக் கெடுத்தது. என் குரல் மண்டியில் ஏலம் கூவிய குரல். மெதுவாகப் பேசு என்றால் அது பக்கத்து வீடு வரை மட்டும் கேட்கும். மேற்கு வாசல் வழியாக இரும்புக் கால் நடைவண்டியை விடு என்று வீட்டுக்காரியிடம் சொல்வேன். அங்கே பெங்களூரில் மருமகன் மேற்கு வாசலுக்கு வெளியே எல்லாப் பீரங்கியையும் நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மாமா, சொன்னீங்களேன்னு காத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் படையைக் காணோமே?"

மகள் பின்னால் சிரிப்பது கேட்கும். மைக்கை அணைத்துவிட்டு ஆடலாம் என்றால் வீட்டுக்காரி ஒப்பவில்லை. அவளுக்கு மகள் குரல் வேண்டும். ஆட்டம் நடக்கிற நேரம் முழுக்க மகள் என்ன சாப்பிட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்தாளா என்று பேசிக்கொண்டேதான் அவள் படை நடத்துவாள். வாராவாரம் தோற்றோம். வாழ்க்கையில் இப்படித் தொடர்ந்து தோற்றவன் இல்லை நான்.

மண்டிக்கு முன்னால் நான் மாட்டுத் தரகன். சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேச மாட்டோம். விற்பவர் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எந்த விரலைப் பிடிக்கிறோம், எப்போது விடுகிறோம் என்பதுதான் பேச்சு. சுற்றிலும் கூட்டம் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாடு கைமாறிய பிறகுதான் வியாபாரம் முடிந்ததே மற்றவர்களுக்குத் தெரியும். இந்த விரல் பேச்சை வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் தரகர்களிடையே வழக்கம் இல்லை. சந்தையைச் சந்தையிலேயே உதறிவிட்டுத்தான் வீட்டுப் படி ஏற வேண்டும் என்பார்கள். அந்த வழக்கத்தை நான் உடைத்தேன். தேனி ஜில்லாவில் முதலில் உடைத்தவன் நானாகத்தான் இருப்பேன். வேறு எவனுக்காவது இதற்கு அவசியம் வந்திருக்குமா?

பச்சைக் கரை போட்ட என் துண்டை எடுத்து, இரண்டு நாற்காலிக்கும் நடுவில் கைப்பிடி மேல் விரித்தேன். ஆள்காட்டி விரல் கிழக்கு வாசல், நடுவிரல் மேற்கு வாசல், மோதிர விரல் வடக்கு. சுண்டு விரலைத் தொட்டால் உளவு வண்டியை அனுப்பு. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால், அசையாதே, கோட்டையைக் காத்துக்கொண்டு இரு. அவள் படையைக் கிளப்பிவிட்டு வலது கையைக் கன்ட்ரோலரிலிருந்து எடுத்து ஒரு கணம் துண்டுக்குள் விடுவாள். அந்தக் கணத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். முதல் நாள் பழக்கும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மணவறையச் சுத்தும்போது பிடிச்ச கை. அதுக்கப்புறம் இப்பத்தான் பிடிக்கிறீக. அதுவும் சண்டை போட."

"பேசாமப் பிடி. எது மேற்கு, சொல்லு பார்ப்போம்?"

அவள் சொல்லாமல் என் நடுவிரலைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

விரல் மட்டும் போதாது, சந்தை மூளையும் வேண்டும் என்று அதையும் கொடுத்தேன். வாங்க நினைக்கிற மாட்டைத் தரகன் பார்க்கவே மாட்டான். பக்கத்து மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், வாலைத் தூக்கிப் பார்ப்பான், அதற்கு விலை கேட்பான். அதே மாதிரி, அடிக்க நினைக்கிற வாசல் பக்கம் உளவு வண்டியை அனுப்பாதே. வேண்டாத வாசலைச் சுற்றிச் சுற்றி நோட்டம் பார்க்க விடு. மருமகன் அங்கே போய்க் காவலைக் குவிப்பார். நீ இந்தப் பக்கம் போய் இடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாயில் ஒரு வார்த்தை இல்லை. மகள்தான் முதலில் கேட்டாள்.

"என்னப்பா, அங்கன சத்தத்தையே காணோம். அம்மாவோட சண்டையா?"

வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், யாரும் பார்க்கவில்லை என்றாலும். "ஆமாத்தா. ரெண்டு நாளாப் பேச்சுவார்த்தை இல்ல. சோத்தப் போட்டு வச்சுட்டு நான் பாட்டுக்கு இருக்கேன்."

மகளும் மருமகனும் எங்களைச் சமாதானம் செய்ய ஆரம்பித்தார்கள். வயசான காலத்தில் என்னப்பா கோபம், நீங்கதான் விட்டுக்கொடுக்கணும் என்று மகள் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது, துண்டுக்கு அடியில் என் ஆள்காட்டி விரலை வீட்டுக்காரி கேள்வியாகத் தொட்டாள். நான் ஆமாம் என்று அழுத்தினேன். அவர்களுடைய கிழக்கு வாசல் இடிந்து விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் சொன்னால் பெருமைக்குச் சொல்வதாக நினைப்பீர்கள். பெருமைதான். அந்த இரண்டு நாற்காலியிலிருந்து எழாமலே யார் யாரையோ ஜெயித்தோம். நெட்டில் முகம் தெரியாதவர்கள், எங்கள் பாஷை தெரியாதவர்கள், நாங்கள் இந்த வயதுக்காரர்கள் என்று தெரிந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்காரி மாவு அரைத்து வைத்துவிட்டு வந்து உட்காருவாள். ஆடிக் காற்று அடிக்கிற மாசத்தில் நெட் அறுந்து அறுந்து வரும்; கணவாய்க் காற்றைத் திட்டிக்கொண்டு, படம் திரும்பி வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். அப்போது துண்டுக்குள் இருந்த கையை எடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை. அதை அந்த நேரத்தில் நான் கவனிக்கவும் இல்லை. படம் வந்துவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேத்தி பிறந்தாள். மகள் திரும்பிப் போகும்போது கைப்பிள்ளையோடு தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று வீட்டுக்காரி கூடப் போனாள். குழந்தைக்குத் தலை நிற்கும் வரை என்றாள். தலை நின்றது. குப்புற விழும் வரை என்றாள். விழுந்தது. மகளுக்கு ஆபீஸ் திறந்துவிட்டது, பிள்ளையை வெளியாளிடம் விட மனசில்லை என்றாள். இதில் யாரைக் குறை சொல்ல முடியும்? எனக்குச் சாப்பாடு தம்பி வீட்டிலிருந்து வருகிறது. துணி துவைக்க மிஷின் இருக்கிறது. கேட்பவர்களிடம் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

தனியாக ஆடினால் டிவி பிரியாது. முழுத் திரையும் எனக்குத்தான். இவ்வளவு பெரிய டிவியா வாங்கினோம் என்று முதல் நாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டாளியாக அந்தப் பெட்டியே ஒரு படையை நடத்திக் கொடுக்கும். அது சொன்னதைச் செய்யும். அவளோ சொல்லாததைத்தான் பாதி செய்வாள், அதனால்தான் ஜெயித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. மகள் பிள்ளையோடு இருப்பதால் மருமகனோடு சேர்ந்து வீட்டுக்காரி எனக்கு எதிராக ஆடினாள். எதிர்ப்படையில் எது அவள் படை, எது மருமகன் படை என்று நிறத்தைப் பார்க்காமலே சொல்வேன். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்தவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். படை நடத்தும்போதும் அப்படித்தான். எல்லாரையும் கிளப்பிவிட்டு ஒரே ஒரு நடைவண்டியை மட்டும் வாசலில் திரும்ப நிறுத்திவிட்டுப் போவாள். அந்த ஒற்றை வண்டியை உடைத்தால் கோட்டைக்குள் நேராக நுழையலாம். எனக்குத் தெரியும். அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் வேறு வாசலில் மோதினேன். மாமா இன்றைக்குச் சரியாக ஆடவில்லை என்று மருமகன் சொன்னார். சொல்லட்டும்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாள் வீட்டுக்காரி. அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாகப் பேத்தி பிறந்தபோதே வேண்டுதல். நான் கன்ட்ரோலருக்குப் புது பேட்டரி மாற்றி, டிவியைத் துடைத்து, அவள் நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எல்லாம் எடுத்துப் போட்டேன். வந்தாள். அவளோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். வீடு முழுக்கப் பாய். அடுப்பு அணையவில்லை. கோயில், ஆற்றங்கரை, ராட்டினம், வளையல் கடை, யாருக்குத் தலைவலி, யாருக்குக் காப்பி என்றே அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் தனியாக நான் பேசியது, உப்பு எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதற்குப் பதில் சொன்னது மட்டும்தான். அவள் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவள் என்னைக் கேட்டாள்.

பெங்களூர் பஸ் பொழுது இருட்டுவதற்குள் கிளம்பிவிடும். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய், பை எல்லாம் கட்டி முடித்து, மகளும் குழந்தையும் மாடியில் தூங்கும்போது, அவள் தானாகவே வந்து இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து அவளே விரித்தாள். நான் பெட்டியைப் போட்டேன். கிரகம் வந்தது, கொட்டகை வந்தது, இரண்டு வண்டியும் கல் வெட்டக் கிளம்பின. மேற்கே இடி இடித்தது. அது ஆட்டத்தில் இல்லை; எங்கள் மலையில். கோடை மழை இறங்கியது, கரண்ட் போனது.

கறுத்துப்போன டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் எங்கள் இரண்டு பேர் உருவமும் மங்கலாகத் தெரிந்தது. துண்டுக்குள் அவள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அசையாதே, கோட்டையைக் காத்துக்கொண்டு இரு.

அவள் தன் கட்டைவிரலை என் உள்ளங்கையில் வைத்து ஒரு வட்டம் போட்டாள். இது ஆட்டத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட சைகை இல்லை. எப்போதோ சந்தைக் கதை சொல்லும்போது சொல்லியிருப்பேன் போல, அவள் மறக்கவில்லை. விலை படியவும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை, ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்கிறவன் போடும் வட்டம் அது. எத்தனையோ பேர் என் கையில் அந்த வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சந்தை கலைகிற வரைக்கும் மாட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றதும் உண்டு.

"நீங்களும் வாங்களேன்," என்றாள் வாயைத் திறந்து. "அங்கனயும் டிவி இருக்கு."

மகள் வீட்டில் மருமகன் முன்னால் துண்டை விரித்துக்கொண்டு உன் கையைப் பிடித்து உட்கார முடியுமா என்று கேட்டேன். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பைகளைத் தூக்கினார்கள். கரண்ட் வந்தபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், துண்டைக் காணவில்லை. பையில் சேர்ந்து போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

துண்டு எங்கே போனது என்று மழைக்காலம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கத்தில் ஆண்டு விழா வைத்தார்கள். அதில் இந்தப் படை ஆட்டப் போட்டியும் உண்டு, இரண்டிரண்டு பேராக. எல்லாரும் இளவட்டங்கள். அந்தப் போட்டியில் என் வீட்டுக்காரியும் மகளும் சேர்ந்து ஆடி முதல் பரிசு வாங்கிவிட்டார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது, வீடியோ வந்தது. நானும் எல்லாரையும் போலக் கைதட்டுகிற பொம்மை போட்டேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு பேர் மடியிலும் சேர்ந்தாற்போல விரித்துக் கிடந்தது பச்சைக் கரைத் துண்டு.

வீடியோவில் இவர்கள் பக்கம் ஒரு சத்தம் இல்லை. மற்ற ஜோடிகள் எல்லாம் கத்து கத்து என்று கத்துகிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் கோயிலில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். உளவு வண்டி வேண்டாத வாசலைச் சுற்றுகிறது. எதிராளி அங்கே காவலைக் குவிக்கிறான். படை இந்தப் பக்கம் போய் இடிக்கிறது. எனக்குப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது. பார்த்து முடித்ததும் எரிந்தது. பேசாமலே எப்படி ஆடுகிறீர்கள் என்று சங்கத்துக்காரர் ஒருவர் மைக்கை நீட்டுகிறார். அம்மாவுக்கும் எனக்கும் மனசுக்குள்ளேயே பேச்சு என்கிறாள் மகள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். வீட்டுக்காரி குனிந்து துண்டை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே போன் போட்டேன்.

"துண்டு யாருது?"

"உங்களுதுதான். இங்கன குளிருது."

"விரல்?"

"விரல் எம் விரல்."

"சிரிக்காத. சொல்லிக்கொடுத்தது யாருன்னு சொன்னியா?"

"யாரும் கேக்கலியே."

"கேக்காட்டி சொல்ல மாட்டியா?"

"நீங்க கூட இல்லாம அதை எப்படிங்க சொல்றது," என்றாள். "எனக்குச் சொல்ல வரல." குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சங்கத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். கீழே 'தாயும் மகளும்' என்று எழுதியிருக்கிறதாம். மருமகன்தான் சொன்னார், சந்தோஷமாக.

ஆகவே இதை மகளும் மருமகனும் அந்தச் சங்கத்துக்காரர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் எழுத்துப் பிழையை அச்சகத்துக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்தக் கூடாது. மனசுக்குள் பேச்சும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்த விரல் பேச்சு என்னுடையது. வேண்டாத வாசலை நோட்டம் பார்க்கிற புத்தி என்னுடையது. அவள் கை இல்லாமல் அது ஜெயித்திருக்காது என்பதை நானே சொல்கிறேன். என் கை இல்லாமல் ஜெயித்திருக்குமா என்பதை அவள் சொல்லட்டும். பரிசுக் கோப்பையில் எனக்குப் பங்கு வேண்டாம். அந்தப் போட்டோவுக்குக் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும்: 'யோசனை, இந்த அம்மாளின் வீட்டுக்காரர், தேனி.' அச்சடித்து ஒட்டினால் செல்லாது. அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும். எழுதியதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அவளே பஸ் ஏறிக் கொண்டுவந்து, என் இடப்பக்கம் உட்கார்ந்து, படித்துக் காட்ட வேண்டும்.